சன்னலுக்குக் கீழே நொச்சித் தண்ணீர்

என் மகள் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த அன்று, சீர்த்தட்டுகளோடு ஒரு மிரட்டலும் கூடவே வந்து இறங்கியது. மிரட்டியவர் என் சம்பந்தியம்மா. தலத்தெருவில் அவர்கள் வீடு. சன்னலுக்கெல்லாம் கம்பிவலை அடித்து, மகனும் மருமகளும் படுக்கிற அறைக்கு ஏசி போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து எங்கள் ஊர் நெரவிக்கு ஆட்டோவில் ஏறினால் ஒரு வம்புப் பேச்சு முடிவதற்குள் எங்கள் தெரு வந்துவிடும். ஆனாலும் அவர் பேசியதைக் கேட்டால், மருமகளை ஏதோ காட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறார் என்றுதான் தோன்றும்.

"உங்க வீட்டச் சுத்தி வயலு, வாய்க்காலு. மழை வேற புடிச்சுக்கிட்டுது. எல்லா எடத்துலயும் டெங்குங்குறாங்க. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன் சம்பந்தி. அப்புறம் என்னையக் குத்தம் சொல்லாதீங்க."

"எங்க வீட்டுப் பொண்ண எங்களுக்குப் பாத்துக்கத் தெரியாதா?" என்றேன் நான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். காரைக்காலில் நான் வேலை பார்க்கிற அலுவலகத்தில் கேட்டால் தெரியும். ஆனால் அன்று உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். ஏனென்றால் சம்பந்தியம்மா சொன்னது பொய்யில்லை.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. கொசுவர்த்திச் சுருளைப் பக்கத்து வீட்டில் கொளுத்தினால் இங்கே இவளுக்கு நெஞ்சு விசிலடிக்கும். சுவரில் செருகுகிற திரவ மருந்தும் ஆகாது, சாம்பிராணிப் புகையும் ஆகாது. வயிற்றில் பிள்ளையோடு மூச்சு முட்டினால் பிள்ளைக்கும் காற்று போகாது, ஜாக்கிரதை என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கொசுவலை கட்டினோம். இரவில் சரி. பகலிலும் அதற்குள்ளேயே இரு என்றால் எவள் இருப்பாள்?

"என்னைய என்ன கருவாடுன்னு நெனச்சீங்களா, வலையப் போட்டு மூடி வைக்கிறதுக்கு?" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிடுவாள். என் வாய்தான் அவளுக்கும்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர், "அத எங்கிட்ட விடு" என்றார்.

அவருக்கு நெல் விவசாயம். பூச்சிக்குக் கடை மருந்து அடிப்பதை விட்டுச் சில வருடமாகிறது. ஆடு கடிக்காத இலை, ஒடித்தால் பால் வடிகிற இலை, கசக்கினால் வாடை தூக்குகிற இலை என்று கண்டதையும் பறித்து வந்து, இடித்து, பிளாஸ்டிக் டிரம்மில் கோமியத்தோடு ஊறப்போடுவார். வாயைச் சாக்கால் கட்டிவிடுவார். ஊறினதும் வடிகட்டி, ஒன்றுக்குப் பத்தாகத் தண்ணீர் கலந்து வயலில் தெளிப்பார். அந்த வாடையில் எனக்குக் குடலைப் புரட்டும். ஆனால் பயிர் நன்றாகத்தான் இருந்தது. அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.

மகளுக்காக அவர் கோமியத்தை விட்டார். நொச்சியும் வேம்பும் துளசியும் மட்டும். முதல் தடவை கொல்லையில் அடுப்பு மூட்டி, பெரிய குண்டானில் சுண்டச் சுண்டக் கொதிக்கவைத்தார். பிறகு சாக்கடையில் நெளிந்த கொசுப்புழுக்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து வந்து, அதில் அந்தச் சாற்றை விட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. நாங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் புழுவெல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எங்கள் தெருவில் ஒரு கைதட்டல். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தாலி கட்டின அன்றுகூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுசனுக்குப் புகழ்ச்சி ஏறிவிட்டது. "அண்ணே, எங்களுக்குக் கொஞ்சம்", "மாமா, எங்களுக்கும் ஒரு பாட்டில்" என்று வரிசை கட்டினார்கள். கொதிக்கவைத்துக் கட்டுப்படியாகுமா? வயலுக்குச் செய்கிற மாதிரியே டிரம்மில் ஊறப்போட ஆரம்பித்தார். எல்லோருக்கும் வர வேண்டும் என்று வயலுக்குக் கலக்கிற மாதிரியே ஒன்றுக்குப் பத்தாகத் தண்ணீர் கலந்தார். வீட்டுக்கு ஒரு வாளி. கொல்லைவாசலில் வை, சன்னலுக்குக் கீழே வை, காற்று அடிக்கும்போது வாடை உள்ளே போகும், கொசு அண்டாது என்று சொல்லிக் கொடுத்தார். தெரு முழுக்க நொச்சி வாடைதான். சம்பந்தியம்மா மருமகளைப் பார்க்க வந்தபோது, அவருக்கும் ஒரு கேனில் ஊற்றிக் கொடுத்தனுப்பினார். "பரவால்லயே, நல்லாத்தான் பாத்துக்கிறீங்க" என்று அந்த அம்மாள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. எனக்கே பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கிற பெண்கள் வந்தார்கள். தொட்டியைப் பார்த்தார்கள், பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்தார்கள், ஆட்டுக்கல்லில் நின்ற தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள். வாளியைக் காட்டி, "இதென்ன சார்?" என்றார்கள்.

"இதான் மருந்து" என்றார் இவர்.

டீ டிகாஷன் மாதிரி இருந்தது தண்ணீர். அடி தெரியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "சரி, சரி" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மழை விட்டபாடில்லை. நாற்றங்கால் மூழ்கிவிடக் கூடாதே என்று இவர் வயலுக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். வீட்டில் கொசு குறையவில்லை. எனக்கு அது கூடுகிற மாதிரியே பட்டது. சாயங்காலக் கொசு இல்லை இது. காலில் வெள்ளை வரி போட்ட கொசு. காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போதே மகள் கணுக்காலைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"என்னங்க, கொசு ஜாஸ்தியாயிருக்குங்க."

"மழையில்ல? கரைசல் பத்தல. இன்னொரு டிரம் போட்டுடுறேன்."

போட்டார். மகள் அறை சன்னலுக்குக் கீழே இன்னொரு வாளியும் வந்தது.

ஒரு காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. தொட்டால் தோசைக்கல். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதாம், இடுப்பு விட்டுப்போகிறதாம்.  இவர் ஆட்டோவைக் கூப்பிட ஓடினார். காரைக்கால் போகிற வழியெல்லாம் அவள் தலை என் தோளில் கிடந்தது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் நான் அவள் வயிற்றைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். "மெதுவாப் போப்பா, மெதுவாப் போப்பா" என்று அந்த ஆட்டோக்காரரை எத்தனை முறை திட்டினேனோ, கணக்கில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் எடுத்தார்கள். டெங்குதான் என்றார்கள். தாயும் பிள்ளையும் சேர்ந்தே ஆபத்தைத் தாண்ட வேண்டும், இப்போதைக்குப் பிரசவ வலி வந்துவிடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டிருக்கும்போது பிரசவமானால் ரத்தம் நிற்காதாம். அவர் நிதானமாகத்தான் சொன்னார். நான்தான் அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அவளுக்கு மாற்றுத்துணியும் கஞ்சியும் எடுத்துவர மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தேன். சம்பந்தியம்மா ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது, மழை சற்று விட்டிருந்தது. மகள் அறையில் புழுக்கமாக இருக்கிறதே என்று சன்னலைத் திறந்தேன். கீழேயிருந்து கொசு கிளம்பி முகத்தில் மோதியது. ஒன்றிரண்டு இல்லை. எங்கேயிருந்து வருகிறது இவ்வளவு என்று எட்டிப் பார்த்தேன். சன்னலுக்குக் கீழே அந்த இரண்டு வாளிகள்தான் இருந்தன. மழைத்தண்ணீர் விழுந்து வாய்வரை தளும்பின.

கொல்லைவழியாகச் சுற்றிப் போய்க் குனிந்து பார்த்தேன். கறுத்த தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என் நிழல் விழுந்ததும் மேலாக ஏதோ சிலிர்த்து உள்ளே போனது. சமையலறைக்கு ஓடி வெள்ளைப் பீங்கான் கோப்பையை எடுத்துவந்து மொண்டேன்.

கோப்பை முழுக்கப் புழு. குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு, மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கொழுகொழுவென்று. நொச்சி இலைத் துணுக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறதோ என்னவோ, அதன் மேலேயே நாலைந்து மொய்த்துக் கிடந்தன.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, உச்சந்தலை வெடிக்கிற மாதிரி. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வயலிலிருந்து சேற்றுக் காலோடு இவர் வந்தார்.

"புள்ள எப்படி இருக்கு?"

"இது என்னங்க?"

"நொச்சித் தண்ணி."

"உள்ள பாருங்க."

கிட்டே வைத்துப் பார்த்தார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி போடாமல் தெரியாது அவருக்கு. ஆனால் அசைவது தெரிந்திருக்கும்.

"மழைத்தண்ணி கலந்துருக்கு..." என்று இழுத்தார். "புழு செத்துதானே போச்சு அன்னைக்கு? தெருவே பாத்துதே."

"அன்னைக்குக் கொதிக்க வச்சீங்க! இது என்னா? சாறா இது? இலை அழுகுன தண்ணி! கொசுவுக்குக் கூழு காச்சி ஊத்தியிருக்கோம். நம்ம புள்ள தலமாட்டுல வாளி வச்சு வளத்துருக்கோங்க!"

நான் போட்ட கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவர் நேராக டிரம்முக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தார். உள்ளேயிருந்து புகை மாதிரி எழுந்தது கொசு. சாக்கு ஒருபக்கம் கிழிந்திருந்தது. அவர் விலகக்கூட இல்லை, முகத்தில் உட்கார விட்டுக்கொண்டு நின்றார்.

"வயலுக்குக் கலக்குற மாதிரியே கலந்துட்டேன்" என்றார் கடைசியில். "அங்க தெளிச்சா அன்னைக்கே காஞ்சுபோயிடும். இங்க நிக்குதுல்ல. நிக்கிற தண்ணின்னு எனக்குத் தோணவே இல்ல. மருந்து, மருந்துன்னே இருந்துட்டேன்."

டிரம்மை அப்படியே சாய்த்தார். தண்ணீர் மேட்டில் பரவி மண்ணில் இறங்கியது. புழுக்கள் ஈரத்தில் கிடந்து துடித்தன. அவர் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். வாளிகளையும் கொட்டினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு தெருப்பக்கம் நடந்தார்.

"எங்க போறீங்க?"

"தெருவுக்குச் சொல்ல வேணாமா?"

"ஐயோ, கொஞ்சம் பொறுங்க. தெருவுக்குச் சொன்னா தலத்தெருவுக்குப் போகாதா? நம்ம வீட்டுல வளத்த கொசுன்னு தெரிஞ்சா அந்தம்மா நம்மள மனுசரா மதிக்குமா? பேரப்புள்ளைய நம்ம கண்ணுல காட்டுமா? புள்ள பொழச்சு வரட்டும். அப்புறம் பதமாச் சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள எத்தன வீட்டுல றெக்க மொளச்சுக் கெளம்பிடும்?" என்றார். நிற்கவில்லை.

கதவைப் பூட்டிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். வேறு என்ன செய்ய? வாசலுக்கு வாசல் போய், "நான் குடுத்த தண்ணியில புழு புடிச்சுருக்கும்மா, கொட்டிடுங்க" என்று அவரே சொன்னார். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர், "நொச்சித் தண்ணியில எப்புடிங்க புழு வரும்?" என்று இவரிடமே சண்டைக்கு நின்றார். இவர் வெள்ளைக் கோப்பையில் மொண்டு காட்டினார். அதற்குப் பிறகுதான் வாளிகள் கவிழ்ந்தன. எதிர்வீட்டுப் பெண் மட்டும், காட்டுவதற்கு முன்பே தன் வாளியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டாள். அவளுக்கு ஒரே பெண்குழந்தை, ஒன்றாம் வகுப்பு. "நீங்க சொன்னா சரிதாண்ணே. நல்லதுக்குத்தானே குடுத்தீங்க" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் இவர் முகம் கோணிப்போனது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

நான் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். வார்த்தையை மென்று முழுங்கிக்கொண்டு சம்பந்தியம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைச் சும்மா விடவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னார். வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை காய்ச்சல் விட்டது. நெற்றி சில்லென்று இருந்தது. சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "சாயங்காலமே கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுக்குத்தான். இனிமே நெரவிப் பேச்சே கெடயாது" என்றார்.

டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஜுரம் விட்டா சரியாயிட்டுன்னு நெனைக்காதீங்கம்மா. இந்த ஜுரத்துக்கு இனிமேதான் கண்டம். எங்கயும் போகக் கூடாது. வயித்து வலி, ரத்தக் கசிவு எது வந்தாலும் உடனே சொல்லணும்."

அவர் அந்தப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. வாய் கொப்பளித்த மகள், "அம்மா, ஈறுல ரத்தம்மா" என்றாள். துப்பின தண்ணீர் சிவந்திருந்தது. நர்ஸ் ஓடி வந்தாள். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். தட்டணு நேற்றைவிட இன்னும் இறங்கியிருக்கிறது என்றார்கள்.

அப்போதுதான் இவர் உள்ளே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு சம்பந்தியம்மாவுக்கு எதிரில் போய் நின்றார். நான் கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், மனுசன் என் பக்கம் திரும்பினால்தானே!

"சம்பந்தியம்மா, நான் குடுத்த நொச்சித் தண்ணியிலதான் கொசு வளந்துருக்கு. என் புள்ள சன்னலுக்குக் கீழ நானே கொண்டாந்து வச்சேன். எங்க வீட்டுக்காரி மேல தப்பில்ல. நீங்க பேசுறதெல்லாம் என்னையப் பேசுங்க."

சம்பந்தியம்மா வாயைத் திறந்தார். ஆரம்பிக்கப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

"எங்களுக்கும் ஒரு கேன் குடுத்தீங்களே" என்றார்.

"ஆமாம்மா. நேத்தே உங்களுக்குச் சொல்லியிருக்கணும். கூச்சத்துல ஒரு நாளப் போக்கிட்டேன். எங்க வச்சுருக்கீங்க?"

"ஏசி ரூம் சன்னலுக்கு வெளியில. இவ வந்தா நல்லாருக்கட்டும்னு ஒரு பேசின்ல ஊத்தி வச்சேன்."

உடனே மகனுக்குப் போன் போட்டார். "தம்பி, அந்தப் பேசின் தண்ணியப் பாரு. ஒரு வெள்ளக் கிண்ணியில மொண்டு பாரு" என்றார். நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை திரும்பப் போனுக்கு வந்து, "அம்மா, புழுவா நெளியுதும்மா. எங்கேருந்து வந்துது இது?" என்றார்.

"கொட்டு. தரையில கொட்டித் தேச்சு விடு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது என்ற பேச்சு எழவில்லை. எந்த வீடானால் என்ன, முதலில் இவள் பிழைக்க வேண்டுமே.

கட்டிலில் இருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் அவளைப் பார்க்காமல் வெளியே போகத் திரும்பினார்.

"அப்பா" என்றாள்.

நின்றார்.

"வெளிய போய் உக்காந்து அழுவாதீங்க. இங்கயே இருங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவுதான். இவர் கட்டிலுக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். நர்ஸ், ஆம்பளைகள் இங்கே இருக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு அவளும் அவரைச் சுற்றிப் போக ஆரம்பித்தாள்.

மதியத்துக்கு மேல் மகள் என் கையைப் பிடித்தாள். குரலே எழும்பவில்லை. "அம்மா, காலையிலேருந்து உள்ள அசைவே தெரியலம்மா."

 சம்பந்தியம்மாதான் எழுந்து ஓடினார், செருப்புக்கூடப் போடவில்லை. டாக்டரம்மா வந்து, வயிற்றில் பசையைத் தடவி, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிற சின்னக் கருவியை வைத்தார். கரகரவென்று ஒரு சத்தம். நகர்த்தினார். மறுபடியும் கரகர. என் குலதெய்வத்தை நான் திட்டின திட்டை வெளியில் சொல்ல முடியாது. இன்னும் கீழே இறக்கினார். இன்னும் பக்கவாட்டில். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியதை நான் பார்த்தேன்.

பிறகு கேட்டது. குதிரை ஓடுகிற மாதிரி டொக்கு டொக்கு என்று. சம்பந்தியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும்தான். தரையில் இருந்தவர் மட்டும் தலையைத் தூக்கவில்லை. டாக்டரம்மா கருவியை எடுக்கிறவரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ரத்தக் கசிவு அதற்குமேல் கூடவில்லை. வலியும் வரவில்லை. அடுத்த காலை எடுத்த ரத்தத்தில் தட்டணு ஏற ஆரம்பித்திருந்தது. பிறகு கிடுகிடுவென்று ஏறியது. மகள் இட்லிக்குச் சட்னி காரமில்லை என்று சண்டை போட்டாள். அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நாளில் வெயில் அடித்தது. எந்த வீடு என்று சம்பந்தியம்மாவே கேட்கவில்லை. "ரெண்டு வீட்டையும் கழுவி விட்டாச்சு. அவளுக்கு எங்க தோணுதோ அங்க போவட்டும்" என்றார். மகள் நெரவி என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன், அதுவும் என் பழக்கத்தில் இல்லாத காரியம்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றது. மகளை மெல்ல ஏற்றி உட்காரவைத்தோம். சம்பந்தியம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவர் முன்னால் ஆட்டோக்காரரோடு ஒண்டிக்கொள்ளப் போனார். அந்த நேரம் எதிரில் இன்னொரு ஆட்டோ வேகமாக உள்ளே திரும்பி நின்றது. அதிலிருந்து எங்கள் எதிர்வீட்டுப் பெண் இறங்கினாள். கையில் அவள் மகள் துவண்டு கிடந்தாள்.

இவரைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு முகத்தில் அப்படியொரு தெம்பு வந்தது. "அண்ணே! நல்லவேள நீங்க இங்க இருக்கீங்க! அனலாக் கொதிக்குதுண்ணே. கண்ணத் தொறக்க மாட்டேங்குது. எங்க போவணும், என்னா சொல்லணும், ஒண்ணும் தெரியலண்ணே!"

அவள் பேச்சில் குற்றம் சொல்கிற ஜாடையே இல்லை. குழந்தையை அவரிடம் நீட்டினாள்.

இவர் வாங்கிக்கொண்டார். தோளில் போட்டுக்கொண்டு, நாங்கள் வெளியே வந்த அதே வாசல் வழியாக உள்ளே ஓடினார். அந்தப் பெண் பின்னாலேயே ஓடினாள்.

ஆட்டோக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள்.

"அம்மா, அப்பா?"

"அவரு இப்ப வர மாட்டாருடி" என்றேன். "நீங்க வண்டிய எடுங்க தம்பி."